பனிக்காடு என்னும் பாலை

உறைபனி நிலத்துக்குத் தமிழில் திணை கிடையாது. முன்பனியும் பின்பனியும் நமக்குப் பெரும்பொழுதுகள் மட்டுமே. குளிரே பகையாக நின்று ஒரு குடும்பத்தை வதைக்கும் புனைவைத் தமிழில் தேடினால், மிக அருகில் வருவது 'எரியும் பனிக்காடு' நாவல். அதன் பனி உறைந்த பனியன்று. ஆனைமலையின் மூடுபனியும் ஓயாத சாரலுமே. ஆயினும் கரிசல் வெயிலில் வளர்ந்து, கம்பளியின்றி மலையேறியவர்களுக்கு அது துருவத்துக்குக் குறைந்ததன்று.

நூலின் வரலாறே ஒரு கதை. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றி, தொழிலாளர் சங்கம் அமைப்பதில் முன்னின்றவர் பி.எச். டேனியல். அங்கே கண்டதையும் கேட்டதையும் 'ரெட் டீ' என்ற பெயரில் ஆங்கில நாவலாக 1969இல் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது தமிழுக்கு வந்தது 2007இல். யாருடைய துயரம் எழுதப்பட்டதோ அவர்களுடைய மொழியை அடைய 38 ஆண்டுகள் ஆயின. 2013இல் பாலாவின் 'பரதேசி' திரைப்படம் வந்த பிறகே நூலின் பெயர் பரவலாக அறியப்பட்டது.

கதை எளிது. திருநெல்வேலிச் சீமையின் வறுமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகிறார்கள். சில மாதங்களில் காசோடு திரும்பிவிடலாம் என்பது எண்ணம். அட்டைக்கடி, மலேரியா, அடி உதை, பெண்கள்மீதான வன்முறை என நாள்கள் நகர்கின்றன. இவர்கள் ஊர் திரும்புவார்களா என்ற ஒற்றைக் கேள்வியே நாவலின் பதற்றம். அந்தப் பதற்றத்தைக் கூட்டுவது காட்டு விலங்கன்று, கணக்குப் பேரேடு. ஆண்டு முடிவில் கூலியைக் கணக்குப் பார்க்கும்போது கடன்தான் மிஞ்சுகிறது.

இது வெறும் கற்பனையன்று. முன்பணம் பெற்றபின் வேலையை விட்டு நீங்குபவரைச் சிறைக்கு அனுப்ப வழிசெய்த சட்டம் 1859இல் பிறந்தது. சென்னை மாகாணத் தோட்டங்களுக்கென்றே தனிச்சட்டம் 1903இல் வந்தது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925இல் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டிலிருந்து நீங்கலாம். மேஸ்திரியின் நோட்டில் ஏறிய கடன் அவ்வளவு எளிதில் நீங்குவதில்லை. வீடும் மருத்துவமும் தோட்ட முதலாளியின் கடமையென வகுத்த தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல்தான் வந்தது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலை பிறக்கும் என்பது நம் மரபு. அங்கே திரிப்பது கோடை வெயில். ஆனைமலையில் நிலத்தின் பசுமை கெடவில்லை. வாழ்க்கையின் இயல்புதான் திரிந்தது. பொருள்வயிற் பிரிவு பாலையின் உரிப்பொருளாயின், இம்மக்களின் பயணமும் அதுவே. சங்கத் தலைவனுக்குக் கார்காலத்தில் திரும்பிவர ஒரு வழியிருந்தது. கருப்பனுக்கு அவ்வழியைப் பேரேடு அடைத்தது. ஆங்கிலத் தலைப்பு தேநீரைச் சொல்ல, தமிழ்த் தலைப்பு நிலத்தைச் சொல்கிறது. பனியை எரியச் செய்த அந்த முரண் நம் திணை மரபுக்கு நெருக்கமானது.

இந்நாவலுக்கு முன்னோடிகள் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்தையும், 1937இல் வெளிவந்த முல்க் ராஜ் ஆனந்தின் 'இரண்டு இலைகளும் ஒரு மொட்டும்' அசாம் தோட்டத்தையும் காட்டின. எனினும் நோயுற்ற உடல்களை நாள்தோறும் தொட்டுப் பார்த்த மருத்துவனின் சாட்சியம் டேனியலுடையது. நடையில் அறிக்கைத்தன்மை சில இடங்களில் தலைகாட்டினாலும் அச்சாட்சியமே நூலைத் தாங்குகிறது.

பெயரிலேயே மருதத்தை வைத்திருக்கும் களமருதூரிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. அம்மலையிலிருந்து பிழைப்புக்காகக் கேரளத் தோட்டங்களுக்கும், ஆந்திரத்துக் காடுகளுக்கும் முன்பணம் பெற்றுச் செல்வோரை நாம் அறிவோம். அங்கே ஏறியவர்கள் கருப்பனும் வள்ளியும். இங்கே இறங்குபவர்கள் மலையாளிப் பழங்குடியினர். திசை மாறியிருக்கிறது, முன்பணம் மாறவில்லை. பனிக்காட்டைக் கடந்த நூற்றாண்டுக் கதையென்று நாம் மூடிவைக்க இயலாமைக்குக் காரணம் அதுவே.