முழக்கோலும் மைக்ரோகிராமும்: தென்சென்னைப் புறநகரில் காற்று மாசு வரம்புகளின் வரலாறு

முன்னுரை

கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்தொடர் வண்டி குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானட்டோரியம்’ என்ற நிலையத்தில் நிற்கும். ஒரு காலத்தில் இவ்வூரின் காற்றையே மருந்தாக நம்பினார்கள் என்பதற்கு அந்தப் பெயர் சாட்சி. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் தம் காசநோய் இல்லத்தைத் திறந்தார். திறந்த வெளி, வெயில், ஓய்வு, நல்ல உணவு ஆகியவையே அன்றைய சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

அங்கிருந்து வடக்கே இரண்டு நிலையம் போனால் பல்லாவரம். அதை ஒட்டிய திரிசூலம் குன்றுகளைப் பல தலைமுறைகள் உடைத்து ஜல்லியாக்கின. 1893இல் ஹாலந்து என்ற நிலவியலாளர் ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்ட கருங்கல் இந்தக் குன்றுகளின் கல்தான். இடையில் இருக்கும் குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர். மருந்தாகக் கருதப்பட்ட காற்றும் கல்தூசியும் தோல் வாடையும் ஒரே இரயில் பாதையின் ஓரத்தில் அடுத்தடுத்து இருந்தன.

இந்த வட்டாரத்தின் காற்றுக்குச் சட்டம் எவ்வாறு எல்லை வகுத்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சட்டத்தின் கையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தன. ஒன்று, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை மைக்ரோகிராமுக்கு மேல் மாசு கூடாது என்ற செறிவு வரம்பு. மற்றொன்று, ஆலைக்கும் வீட்டுக்கும் இடையே இத்தனை மீட்டர் வேண்டும் என்ற தூர வரம்பு. செறிவு வரம்பு தில்லியில் படிப்படியாகக் கூர்மையடைந்தது. ஆனால் தாம்பரம், பல்லாவரம் பகுதிகளில் நடைமுறையில் ஆண்டது பெரும்பாலும் முழக்கோலே. ஏன் அப்படி ஆனது என்பதைக் காலவரிசையில் பார்க்கலாம்.

1. மூக்கே கருவியாக இருந்த காலம்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், தன் 278ஆம் பிரிவில், அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்குக் கேடாகக் காற்றைக் கெடுப்பவருக்கு 500 ரூபாய் வரை அபராதம் விதித்தது. எவ்வளவு கெட்டால் குற்றம் என்று அதில் இல்லை. நீராவி எந்திரங்களும் ஆலைகளும் பெருகிய கல்கத்தாவுக்காக 1905இலும் பம்பாய்க்காக 1912இலும் புகைத் தொல்லைச் சட்டங்கள் வந்தன. சென்னை மாகாணத்தில் இந்த வேலையை உள்ளாட்சிச் சட்டங்கள் செய்தன. 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், தோல் பதனிடுதல் போன்ற தொல்லை தரும் தொழில்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது. 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் ‘தொல்லை’ என்பதன் கீழ் புகையையும் தூசியையும் கொண்டுவந்தது.

இந்தச் சட்டங்களுக்குப் பொதுவான ஒரு வழிமுறை உண்டு. யாராவது முறையிட வேண்டும். சுகாதார ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். குற்றவாளி என்று சுட்டிக்காட்ட ஒரு புகைபோக்கி இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கரும்புகைக்கு இது போதும். கண்ணுக்குப் படாத நுண்தூசிக்கும், பத்து இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து கலக்கும் மாசுக்கும் இந்த வழிமுறையில் இடமில்லை.

இதே காலத்தின் இறுதியில் தாம்பரத்துக் காற்று தன் மருத்துவத் தகுதியையும் இழந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், மாத்திரைகளை வீட்டிலிருந்தே உட்கொண்ட நோயாளிகளும் சானட்டோரியத்தில் தங்கியவர்களுக்கு இணையாகக் குணமடைவதை 1959இல் உலகுக்குக் காட்டியது. ஏழை நோயாளிகளுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ‘இங்கே காற்று கெடக்கூடாது’ என்று சொல்வதற்கு இருந்த வலுவான மருத்துவக் காரணம் ஒன்று அத்துடன் போயிற்று என்றும் வாதிடலாம்.

2. எண் வந்த வழி

1952 டிசம்பரில் இலண்டனை மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அதன் விளைவாக 1956இல் பிரிட்டன் தூய காற்றுச் சட்டம் இயற்றியது. நாடு முழுமைக்கும் காற்றின் தரத்துக்கு எண் வரம்பு வகுக்கும் முறையை 1970ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் நிலைநிறுத்தியது. இந்தியா 1972 ஸ்டாக்ஹோம் மாநாட்டில் கலந்துகொண்டது. 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் சுற்றுச்சூழல் காப்பை அரசியலமைப்பில் சேர்த்தது. 1981இல் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டின் மாசு கட்டுப்பாடு வாரியம் 1982இல் அமைந்தது.

அதே 1982 நவம்பர் 11 அன்று மத்திய வாரியம் முதல் வரம்புகளை ஏற்றது. காற்றில் மிதக்கும் தூசிக்குத் தொழிற்பகுதியிலும் கலப்புப் பகுதியிலும் 500 மைக்ரோகிராம், குடியிருப்புகளிலும் கிராமங்களிலும் 200, உணர்திறன் மிக்க பகுதிகளில் 100 என மூன்று படிகள் வகுக்கப்பட்டன.

இந்த வகைப்பாட்டில் இருந்த அரசியலைத் தென் புறநகரில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். தோல் ஆலையும் தொழிலாளர் வீடும் ஒரே தெருவில் இருந்த, குரோம்பேட்டையை ஒட்டிய நாகல்கேணி ‘கலப்புப் பகுதி’ என்றே கணக்காகும். அப்படியானால் அங்கே குடியிருப்பவர், முழுக்கக் குடியிருப்பான நகரில் இருப்பவரைவிட இரண்டரை மடங்கு தூசியைச் சட்டப்படியே சுவாசிக்கலாம். மூன்றாவது படிக்கு மத்திய வாரியம் தந்த விளக்கத்தில் மலைவாழிடங்கள், சரணாலயங்களோடு உடல்நலம் தேறப் போகும் இடங்களும் இருந்தன. நுரையீரல் நோயாளிகளுக்கான ஒரு மருத்துவமனை வளாகம் அந்தப் படியில் நிற்கத் தகுதியானது என்று வாதிட அன்று இடம் இருந்தது.

1984 போபால் பேரழிவு சட்டத்தைக் கடுமையாக்கியது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம், 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தக் குடிமகனும் நீதிமன்றம் போகலாம் என்றது. 1994 ஏப்ரல் 11இல் வரம்புகள் திருத்தப்பட்டு, 10 மைக்ரான் வரையிலான தூசியும் ஈயமும் தனி இடம் பெற்றன. ஈயத்தில் எண் முறை உண்மையாகவே வென்றது. காரணம், ஈயத்தின் முதன்மை ஊற்று ஒன்றே, அது பெட்ரோல். 1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. பல்லாவரம், தாம்பரம் வழியாகச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் கடை வைத்திருந்தவர் யாரிடமும் முறையிடாமலே அதன் பயனைப் பெற்றார்.

3. ஜல்லித் தூசியும் தூர விதியும்

கல் அரவை ஆலையின் கதை நேர் எதிரானது. கிரஷரில் தூசி புகைபோக்கி வழியாக வெளியேறுவதில்லை. கல்லைக் கொட்டுமிடம், உடைக்கும் தாடை, சல்லடை, ஏற்றிப்போகும் லாரி, லாரி ஓடும் மண்பாதை என எல்லா இடத்திலிருந்தும் கிளம்பும். எந்தக் கிரஷரின் தூசி எந்த வீட்டுக் கூரையில் படிந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. சிலிக்கா கலந்த அந்தத் தூசியால் முதலில் பாதிக்கப்படுபவர் அங்கே வேலை செய்பவர். அடுத்து, காற்று வீசும் திசையில் குடியிருப்பவர்.

மத்திய விதிகள் இதற்கு எண்ணையும் தூரத்தையும் சேர்த்தே கையாண்டன. கிரஷரிலிருந்து 40 மீட்டர் தள்ளி அளக்கும்போது, அந்த ஆலையால் கூடும் தூசி 600 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். காற்றுத் தடுப்புச் சுவர், தண்ணீர் தெளிப்பு, தார்ப் பாதை, மரவரிசை வேண்டும். குடியிருப்புக்கான ஒருநாள் வரம்பு 200 என்று இருந்தபோது ஓர் ஆலையின் பங்கு மட்டும் 600 வரை போகலாம் என்றால், நடுவில் உள்ள நிலம்தான் மீதியைத் தாங்க வேண்டும்.

தமிழ்நாடு வாரியம் 2004இல் அதையே விதியாக்கியது. நெடுஞ்சாலை, குடியிருப்பு, வழிபாட்டிடம் ஆகியவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் புதிய கிரஷர் கூடாது. இரு புதிய கிரஷர்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டர் வேண்டும் என்றும் அன்று விதித்தது. முழக்கோலுக்கு இருக்கும் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. அளவு நாடாவும் நில வரைபடமும் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரே அளந்துவிடுவார். காற்று மாறுவது போல் தூரம் நாளுக்கு நாள் மாறாது. நீதிமன்றத்தில் சான்றாகவும் நிற்கும்.

அதன் குறை, ஊர் நகர்கிறது என்பதைக் கணக்கில் கொள்ளாதது. விதி புதிய ஆலைக்குத்தான். பழைய குவாரியை நோக்கி வளர்ந்துவரும் வீட்டுமனைகளுக்கு அது எதுவும் சொல்லவில்லை. தென் புறநகரில் நடந்தது அதுதான். பல குவாரிகளில் வேலை நின்றது. பள்ளங்களில் நீர் நின்றது. 2017 வறட்சியில் மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரைச் சுத்திகரித்துச் சென்னைக்கே வழங்கினார்கள்.

தோல் ஆலைகளில் வேறொரு குறை தெரிகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தில் தனிப் ‘பசுமை அமர்வு’ அமைக்கக் கேட்டுக்கொண்டது. அந்தத் தீர்ப்பு பல்லாவரத்தை உள்ளடக்கிய அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்ட ஆலைகளையும் தொட்டது. ஆனால் அது அடிப்படையில் நீரைப் பற்றியது. தோல் ஆலையின் அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு, இன்றுவரை தேசிய வரம்புப் பட்டியலில் இல்லை. மூக்குக்கு முதலில் தெரிவதற்கு எண் கிடையாது.

4. பன்னிரண்டு மாசுகளின் பட்டியல்

2009 நவம்பரில் வந்த தேசிய வரம்பு அறிவிக்கை இன்றும் நடைமுறையில் உள்ளது. பி.எம். 2.5 என்னும் நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 40, ஒருநாள் வரம்பு 60, பி.எம். 10க்கு முறையே 60, 100. ஓசோன், அமோனியா, பென்சீன், ஆர்சனிக், நிக்கல் உட்பட மொத்தம் 12 மாசுகள். பென்சீன் போன்ற நச்சு ஆவிகளுக்கு வரம்பு வேண்டும் என்ற கோரிக்கையில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமத்தார் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். அதன் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. அதனால்தான் 2009 பட்டியல் நீண்டது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் வரம்பே இல்லாத நச்சை அளந்து காட்டி, வரம்பு எங்கே என்று கேட்டவர்கள் அவர்கள்.

தொழிற்பகுதிக்குத் தனிச் சலுகை இந்த அறிவிக்கையில் ஒழிந்தது. நாகல்கேணிக்கும் நங்கநல்லூருக்கும் ஒரே வரம்பு வந்தது. அதே சமயம், உணர்திறன் மிக்க பகுதி என்ற பழைய படி, மத்திய அரசு அறிவிக்கும் ‘சூழலியல் உணர்திறன் பகுதி’யாகச் சுருங்கியது. காட்டுக்கு இடம் கிடைத்தது. நோயாளிக்கு இருந்த வாய்ப்பு மறைந்தது.

எண்ணைவிட எண்ணின் அடிக்குறிப்பு முக்கியம். ஆண்டுச் சராசரிக்கு, வாரம் இரண்டு நாள் வீதம் குறைந்தது 104 அளவீடுகள் போதும். மீதி 261 நாட்கள் கணக்கில் வராமல் போகலாம். ஒருநாள் வரம்பை ஆண்டின் 98 விழுக்காடு நாட்களில் கடைப்பிடித்தால் போதும். ஆனால் தொடர்ந்து இரண்டு நாள் மீறக் கூடாது. ஆண்டு முழுவதும் அளந்தால் இரண்டு விழுக்காடு என்பது ஏழு நாள். போகியும் தீபாவளியும் அந்த ஏழில் அடங்கிவிடும். 2018 போகியன்று புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. அப்படி ஒரு நாள் தனித்து வந்தால், அதனால் மட்டும் ஓர் ஊர் தேசிய வரம்பை மீறியதாகிவிடாது.

2021இல் உலக சுகாதார அமைப்பு பி.எம். 2.5க்கான ஆண்டு அளவை 10இலிருந்து 5 ஆகக் குறைத்தது. நம் வரம்பு அதற்கு எட்டு மடங்கு.

5. அளக்காத ஊர்

2019 ஜனவரியில் தேசிய தூய காற்றுத் திட்டம் தொடங்கியபோது, வரம்பைத் தொடர்ந்து மீறிய நகரங்கள் என்று 102 பட்டியலிடப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்து தூத்துக்குடி மட்டுமே அதில் இருந்தது. இது தமிழ்நாட்டுக் காற்றுக்குக் கிடைத்த நற்சான்று என்று கொள்ளலாகாது. தொடர்ந்து அளந்த ஊர்தான் தொடர்ந்து தோற்க முடியும்.

தென் புறநகரைச் சூழ்ந்து தொடர் கண்காணிப்பு நிலையங்கள் இருக்கின்றன: ஆலந்தூர் பேருந்துப் பணிமனை, வேளச்சேரி, பெருங்குடி, வண்டலூர் கிரசென்ட் வளாகம். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சியின் எல்லைக்கு இந்த நான்குமே வெளியே நிற்கின்றன.

அளவீடு மெலிந்த இடத்தில் சட்டம் மறுபடியும் கண்ணையும் மூக்கையும் நம்புகிறது. 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரிப்பவருக்கு 25,000 ரூபாயும் அபராதம் விதித்தது. இதை நிறைவேற்ற எரிவதைப் பார்த்தால் போதும். 1920ஆம் ஆண்டு ஆய்வாளருக்கே புரியும் விதி. ஆனால் 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு நாள்கணக்கில் எரிந்தபோது, யார் எரித்தார் என்ற கேள்விக்கு அந்த விதியில் எளிய விடை இல்லை.

1981ஆம் ஆண்டுச் சட்டமும் ஆலையைத் தண்டிக்க வழி சொல்கிறதே தவிர, ஓர் ஊரின் காற்று வரம்பை மீறினால் யார் பொறுப்பு என்று சொல்வதில்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் பல குற்றங்களில் சிறைக்குப் பதிலாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை என மாற்றியபோதும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

முடிவுரை

முழக்கோல் பழையது, மைக்ரோகிராம் புதியது, ஆகவே முதலாவது போய் இரண்டாவது வந்தது என்று இந்த வரலாற்றைச் சுருக்க முடியாது. ஊற்று ஒன்றாக இருந்த ஈயத்தில் எண் வென்றது. ஊற்றுகள் சிதறிய கல்தூசியில் தூரம்தான் ஓரளவு காத்தது. ஊற்றும் சிதறி, குடியிருப்பும் நெருங்கிவிட்ட இன்றைய தாம்பரத்தில் தூரத்துக்கு இடமில்லை. 500 மீட்டர் விட எங்கும் நிலம் கிடையாது. இனி எண்தான் காக்க வேண்டும். எண் காக்க வேண்டுமானால் அது இந்த எல்லைக்குள்ளேயே, நாள்தோறும் அளக்கப்பட வேண்டும். மீறினால் விடை சொல்ல ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.

முதல் கருவியை எங்கே வைப்பது என்பதற்கு வரலாறே ஓர் இடத்தைக் காட்டுகிறது. மூச்சு வாங்க முடியாமல் மக்கள் இன்றும் வந்து சேரும் சானட்டோரியம் வளாகம் அது. 1928இல் அங்கே நோயாளியைப் படுக்க வைத்தவர்கள் காற்று நல்லது என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை இன்று எந்த அளவுக்குச் செல்லும் என்பதை மைக்ரோகிராமில்தான் சொல்ல முடியும்.