ஆர்ட்டிமிசினின் மருந்துகள்

ஆர்ட்டிமிசினினும் அதிலிருந்து உருவான ஆர்ட்டிசுனேட், ஆர்ட்டிமெதர் ஆகியவையும் மலேரியாவுக்குத் தரப்படும் ஒரே குடும்பத்து மருந்துகள். மாசிபத்திரிக்கு உறவான ஆர்ட்டிமிசியா அன்னுவா என்ற செடியின் இலையே இவற்றுக்கு மூலம். மூலக்கூறுக்குள் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் இணைந்து நிற்கும் பெராக்சைடு பாலம்தான் இவற்றின் உயிர்நாடி. அந்தப் பாலத்தை ஆலையில் உடையாமல் காக்க வேண்டும். கிருமிக்குள் போனதும் அது உடைய வேண்டும்.

வரலாறு

வியட்நாம் போரில் வடவியட்நாம் வீரர்கள் பலரைக் காட்டு மலேரியா வீழ்த்தியது. மலேரியா மருந்தான குளோரோகுயின் பல இடங்களில் பலிக்கவில்லை. அவர்களுக்கு உதவ, 1967 மே 23 அன்று சீனா ஒரு ரகசிய ஆய்வைத் தொடங்கியது. தொடங்கிய தேதியே '523 திட்டம்' என்று பெயராயிற்று.

1969இல் பெய்ஜிங் ஆய்வாளர் தூ யூயூ இதில் சேர்ந்தார். பழைய மருத்துவ நூல்களிலிருந்து அவரது குழு 2,000 குறிப்புகளைத் திரட்டியது. அவற்றில் வந்த ஆர்ட்டிமிசியா அன்னுவா செடியின் சாறு ஒருமுறை வேலை செய்தது, மறுமுறை ஏமாற்றியது. நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங் எழுதிவைத்த முறையில் காய்ச்சுவதே இல்லை. ஒரு பிடி செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்கிறார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற தூ, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரில் சாற்றைப் பிரித்தார். 1971 அக்டோபர் 4 அன்று சோதித்த 191ஆம் மாதிரி, எலிகளின் ரத்தத்திலிருந்த கிருமிகளை முற்றாக ஒழித்தது. மறுவருடம், நோயாளிகளுக்குத் தருமுன் தூவும் சக ஆய்வாளர்களும் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தனர். 2015இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது.

செயல்படும் விதம்

ரத்தச் சிவப்பணுவுக்குள் குடியேறும் மலேரியாக் கிருமி ஹீமோகுளோபினைத் தின்று வளர்கிறது. அந்தச் செரிமானத்தில் இரும்பு கொண்ட ஹீம் வெளிப்படுகிறது. இரும்பு பட்டதும் பெராக்சைடு பாலம் உடைகிறது. அதில் பிறக்கும் வினைத்துடிப்பு மிக்க துகள்கள் கிருமியின் புரதங்களை ஒரே நேரத்தில் பல இடங்களில் தாக்குகின்றன. கிருமியின் தீனியே மருந்தை முடுக்கிவிடுகிறது. 48 மணி நேரச் சுழற்சி ஒன்றில் கிருமிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 10,000இல் ஒரு பங்காகக் குறைகிறது.

வேகம் இருந்தாலும் மருந்து ரத்தத்தில் சில மணி நேரமே தங்கும். எஞ்சிய கிருமிகளைத் தீர்க்க லூமெஃபான்ட்ரின் போன்ற நெடுநேரம் தங்கும் மருந்து துணை வேண்டும். இந்தக் கூட்டு மருந்தை மூன்று நாள் தர வேண்டும். ஆர்ட்டிமிசினின் மருந்தை மட்டும் தனி மாத்திரையாக விற்பதை நிறுத்தும்படி 2006இல் உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டது.

தயாரிப்பு

உலர்ந்த இலையின் எடையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே மருந்து. இலையை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கி, மெழுகையும் பச்சையத்தையும் நீக்கினால் வெண்படிகம் கிடைக்கும். அதைச் சோடியம் போரோஹைட்ரைடுடன் வினைப்படுத்தினால் டைஹைட்ரோஆர்ட்டிமிசினின் உருவாகிறது. இந்த வினையிலும் பாலம் சேதமின்றித் தப்புவது வேதியியலின் நற்பேறு. அதனுடன் மெத்தனாலைச் சேர்த்தால் எண்ணெயில் கரையும் ஆர்ட்டிமெதர். சக்சினிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்தால் ஆர்ட்டிசுனேட். ஆர்ட்டிசுனேட்டை ஊசியாகச் சிரையில் ஏற்றலாம். கடும் மலேரியாவுக்குக் குயினைன் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினரும் ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 விழுக்காட்டினரும் இறந்ததாக 2005இல் வெளிவந்த ஆசிய ஆய்வு காட்டியது.

சாகுபடியை நம்பியிருப்பதால் இலைக்குத் தட்டுப்பாடும் விலைச் சரிவும் மாறிமாறி வந்தன. இதற்கு மாற்றாக, கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங் குழு ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, 2006இல் ஆர்ட்டிமிசினிக் அமிலத்தைச் சுரக்க வைத்தது. 2013இல் சனோஃபி நிறுவனம் இத்தாலி ஆலை ஒன்றில் ஒளியின் துணையோடு அந்த அமிலத்தில் ஆக்சிஜனை ஏற்றி மருந்தாக்கியது. ஆனால் இலைச் சரக்கு மலிவாகவே கிடைத்ததால், சில ஆண்டுகளில் அந்த ஆலையைக் கைமாற்றிவிட்டது.

மருந்து எதிர்ப்பு

மேற்குக் கம்போடியாவில் முதலில் தெரிந்த எதிர்ப்பு, இன்று ருவாண்டா, உகாண்டா நாடுகளிலும் காணப்படுகிறது. கெல்ச்13 என்ற மரபணு மாறிய கிருமி, தன் இளம்பருவத்தில் ஹீமோகுளோபினைக் குறைவாகவே உண்கிறது. அதனால் ஹீமும் குறைகிறது; பாலங்கள் பல உடையாமலே போகின்றன. மருந்து சீக்கிரம் வடிந்துவிடுவதால், அந்தச் சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே கிருமி பிழைத்துக்கொள்கிறது. இதை முறியடிக்க, துணைமருந்து ஒன்றுக்குப் பதில் இரண்டைச் சேர்க்கும் மும்மருந்துக் கூட்டுகளை ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் சோதித்துவருகின்றனர்.