கள்ளுத் தவறணையும் மாணாக்கரும்

1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள்ளுத் தவறணைகளைப் பெருக்கவே, இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் வலுப்பெற்றது. யாழ்ப்பாணத்தில் அதனை ஏற்றோருள் மாணாக்கரும் இருந்தமை கருதத்தக்கது. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசின் அழைப்பை ஏற்று 1927 நவம்பரில் வந்த காந்தியடிகள் மதுவிலக்கை வலியுறுத்தினார். காங்கிரசை நிறுவியோருள் முதன்மையானவர் ஹன்டி பேரின்பநாயகம். பின்னாளிற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவரும் அவரே.

வருவாய் நாடிய அரசைத் தடுக்க அன்று மாணாக்கர் முன்வந்தனர். மாணாக்கரைக் காக்கச் சட்டம் வந்ததோ நெடுங்காலம் கழித்தே. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பாதோர்க்கு மது விற்றலைக் குற்றமாக்கிற்று. விளையாட்டுப் போட்டிகளுக்கு மதுக் கம்பனிகள் அனுசரணை வழங்குதலையும் விலக்கிற்று. இங்குக் குற்றவாளி விற்பவனேயன்றி, வாங்கும் கல்லூரி வீரன் அல்லன். இவ்வேறுபாடு பலராலும் உணரப்படுவதில்லை. விற்பவனைத் தேடும் கடமை பொலிசாரோடு மதுவரி அலுவலர்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்க்கும் உரியது.