சுபாவம் யாருக்கு?

ஓசூர் சிப்காட் பக்கம் ஒரு கொலை விழுந்தால் டீக்கடையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: 'வடக்கத்தியான் வேலையாத்தான் இருக்கும், அவனுங்க சுபாவமே அப்படி.' ஒரு தலைமுறைக்கு முன் இதே வாக்கியத்தில் குறவர் இருந்தார். ஆள்தான் மாறுகிறார், வாக்கியம் மாறுவதில்லை. வன்முறையைச் சுபாவத்தில் தேடும் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911 சட்டத்தின் வழி சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறவிக் குற்றவாளியை மண்டையையும் தாடையையும் வைத்தே கண்டுபிடிக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதியது 1876இல். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதிவாரியாக மூக்கை அளந்தார். போலீசாருக்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தார். மாட்டுப் பொதியில் உப்பும் தானியமும் ஏற்றிப் பிழைத்த குறவர்களின் வியாபாரத்தை ரயிலும் உப்புக் கொள்கையும் அழித்தன. பிழைப்பு போனது பதிவாகவில்லை. 'பரம்பரைக் குணம்' மட்டும் பதிவானது. மாகாணத்தில் சட்டம் 1947இல் ஒழிந்தது. 1948இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டக் குறவர்களை ஆந்திரப் போலீஸ் பிடித்துப்போய் வதைத்ததாகப் புகார் எழுந்தது 2023இல்!

இன்றைய உளவியல் மண்டையை அளப்பதில்லை, ஆளுமையை அளக்கிறது. கனடாவின் ராபர்ட் ஹேர் 1991இல் வெளியிட்ட அளவுகோல் ஈவிரக்கமின்மை, குற்றவுணர்வின்மை போன்றவற்றுக்கு மதிப்பெண் போடுகிறது. வன்முறைக்கும் இவற்றுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அளவுகோல் உருவானது சிறைக்கைதிகளை வைத்து. அப்படியென்றால் பிடிபடாதவன் சுபாவத்தை யார் அளப்பது?

வாச்சாத்தியை எடுத்துக்கொள்வோம். அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் அதுவும் ஒரே தர்மபுரி மாவட்டம். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆட்களை அடித்து இழுத்துப்போனார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

இத்தனை பேரும் மனநோயாளிகளா? இல்லை. வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். உத்தரவும் சீருடையும், 'இவங்க கேட்க நாதியில்லாதவங்க' என்ற நிச்சயமும் போதுமானதாக இருந்தன. அவர்கள் மூக்கை எந்த தர்ஸ்டனும் அளக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளைப் 'பரம்பரை' என்று எந்த ஸ்டேஷனும் பதியவில்லை. பதியவும் கூடாது. குறவர் பிள்ளைக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் கிடைக்கவில்லை என்பதைத்தான் நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.