இயற்பெயர் ஏசல்

எதிராளியின் அதிகம் புழங்காத பெயரைத் தேடியெடுத்து, வசைபோல் உச்சரிக்கும் மேடை உத்தி. பெயரில் பொய்யில்லை, குத்தல் தொனியில்தான். தமிழகத்தில் பெரிதும் பேசப்பட்டது 2017 அக்டோபர் நிகழ்வு. 'மெர்சல்' படத்தின் ஜி.எஸ்.டி. வசனத்தால் சினந்த பா.ஜ.க.வினர் நடிகர் விஜயை 'ஜோசப் விஜய்' என்றழைத்தனர், அக்கட்சியின் எச். ராஜா விஜயின் வாக்காளர் அட்டையையே ட்விட்டரில் வெளியிட்டார். மத அடையாளத்தைச் சுட்டுவதே நோக்கம். சில நாளில் விஜய், 'சி. ஜோசப் விஜய்' என்றே அச்சிட்ட தாளில் நன்றி அறிக்கை விட்டார். நல்ல பதிலடி! அமெரிக்காவில் 2008 தேர்தலின்போது ஒபாமாவின் நடுப்பெயரான 'ஹுசைன்' இப்படித்தான் அழுத்திச் சொல்லப்பட்டது; போட்டியாளர் மெக்கெய்ன் அதைக் கண்டித்தார்.