உள்ளே வா என்று அழைத்த வீடு

பங்கு என்பது ஒரு குடும்பம் என்று பிரசங்கங்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் ஆலயம் ஜூபிலிக் கொண்டாடும் இவ்வேளையில் அந்த வார்த்தையை உரைகல்லில் உரசிப் பார்ப்பது தகும். தாய் தகப்பனற்ற ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால், "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று நாம் கேட்போமா, அல்லது "உள்ளே வா" என்று அழைப்போமா? இக்கேள்விக்கு ஒரு குடும்பமும் அதற்குத் தோள் கொடுத்தவர்களும் அளித்த விடையை நம் பங்கு மக்களுக்குச் சொல்ல விழைகிறோம். அது நம் நாட்டில் நடந்ததன்று. அதைச் செய்தவர்கள் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களும் அல்லர்; பிரிந்த சகோதரர்கள். எனினும் அந்த வரலாற்றில் நமக்குப் பாடமும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

போர் விட்டுச் சென்ற பிள்ளைகள்

1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. 1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆயிற்று. பீரங்கிகள் ஓய்ந்தபோது, அநாதை இல்லங்கள் பிள்ளைகளால் நிரம்பி வழிந்தன. அவர்களுள் ஒரு சாராரின் நிலை மிகவும் பரிதாபமானது. அந்நியப் போர்வீரர்களுக்கும் கொரியத் தாய்மாருக்கும் பிறந்த குழந்தைகள் அவர்கள். அக்காலத்தில் அந்நாட்டில் ஒருவருடைய குடும்பப் பதிவு தந்தையின் வழியாகவே வந்தது. தந்தை பெயர் இல்லாத பிள்ளைக்குக் குடும்பப் பதிவும் இருக்கவில்லை. சமூகத்தில் இடமும் இருக்கவில்லை. முகத்தைப் பார்த்தவுடனே ஊர் அடையாளம் கண்டுகொள்ளும். தாய் தன் பிள்ளையை மறைக்கவும் முடியாது. வெளியே காட்டவும் முடியாது. அநாதை இல்லத்து வாசலில் பிள்ளையை விட்டுச் சென்ற தாய்மார் பலர் மனமில்லாமல் விட்டவர்கள் அல்லர், வழியில்லாமல் விட்டவர்கள்.

ஒரு விவசாயியின் வீட்டில்

அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே ஹாரி ஹோல்ட் என்பவரும் அவர் மனைவி பெர்த்தாவும் நிலத்தை உழுதும் மர அறுவை ஆலை நடத்தியும் வாழ்ந்துவந்தார்கள். அவர்களுக்கு ஆறு பிள்ளைகள். 1950ஆம் ஆண்டு ஹாரிக்குக் கடுமையான மாரடைப்பு வந்தது, பிழைத்து எழுந்தார். மிஞ்சிய நாட்களை இறைவன் கொடுத்த தவணையாகவே அவர் கருதினார்.

1954ஆம் ஆண்டு டிசம்பரில், பக்கத்து நகரமாகிய யூஜீனில் நடந்த ஒரு கூட்டத்திற்கு அக்குடும்பத்தினர் சென்றார்கள். வேர்ல்டு விஷன் அமைப்பை நிறுவிய பாப் பியர்ஸ் அங்கே கொரியப் பிள்ளைகளைப் பற்றிய திரைப்படம் ஒன்றைக் காட்டினார். அதைக் கண்டபின் அவர்களுக்கு நிம்மதி இல்லை. முதலில் சில பிள்ளைகளின் பராமரிப்புக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார்கள். காசு அனுப்பியதால் மனம் ஆறவில்லை. தங்கள் வீட்டில் இடம் இருக்கிறதே என்ற எண்ணம் இருவரையும் விடாமல் உறுத்தியது. ஜெபித்தார்கள், பிள்ளைகளோடு கலந்து பேசினார்கள். எட்டுக் குழந்தைகளை ஏற்பது என்று முடிவாயிற்று. அப்போது ஹாரிக்கும் பெர்த்தாவுக்கும் வயது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

சட்டம் குறுக்கே நின்றது

அன்றிருந்த அமெரிக்க அகதிகள் நிவாரணச் சட்டத்தின்படி ஒரு தம்பதியர் வெளிநாட்டிலிருந்து இரண்டு அநாதைகளை மட்டுமே அழைத்து வரலாம். எட்டுப் பேர் வேண்டுமானால் அமெரிக்கக் காங்கிரஸின் இரு சபைகளும் தனிச் சட்டம் இயற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. வேறு யாராக இருந்தாலும் அந்தப் பதிலோடு வீடு திரும்பியிருப்பார்கள். அப்படியானால் அதையே செய்வோம் என்று பெர்த்தா துணிந்தார்.

1955ஆம் ஆண்டு ஹாரி கொரியாவுக்குப் புறப்பட்டார். இருதய நோயாளியான அந்தக் குடியானவர், மொழி தெரியாத நாட்டில் அநாதை இல்லம் அநாதை இல்லமாகச் சென்று குழந்தைகளைத் தேடினார். ஊரில் பெர்த்தா மறுபாதி வேலையைச் செய்தார். நண்பர்கள் அவரோடு நின்று காங்கிரஸை இடைவிடாமல் தட்டினார்கள். ஓரிகன் மாநிலத்தின் செனட்டர் ரிச்சர்டு நியூபெர்கர் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் மாதத்தில் அது சட்டமாயிற்று. பெரும் பதவி இல்லாத ஓர் இல்லத்தரசியின் விண்ணப்பத்துக்காக ஒரு வல்லரசின் சட்டமன்றம் வழிவிட்டது.

1955ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஹாரி அந்த எட்டுக் குழந்தைகளோடு ஓரிகனின் போர்ட்லண்டு விமான நிலையத்தில் வந்திறங்கினார். பத்திரிகைகள் அச்செய்தியை நாடெங்கும் கொண்டு சென்றன. எங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று கேட்டுப் பல குடும்பங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. மறு ஆண்டே, 1956இல், தத்தெடுப்புக்கென ஓர் அமைப்பை ஹோல்ட் தம்பதியர் தொடங்கினார்கள்.

யாரும் கேட்டு வராத பிள்ளைகளையும் அவர்கள் மறக்கவில்லை. உடல் ஊனமுற்றவர்களுக்கும் நோயாளிப் பிள்ளைகளுக்கும் சியோல் நகருக்கு அருகே இல்சான் என்னுமிடத்தில் ஓர் இல்லம் எழுப்பினார்கள். 1964ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹாரி கொரியாவிலேயே இறந்தார். இல்சானில் அடக்கம் செய்யப்பட்டார். பெர்த்தா 2000ஆம் ஆண்டு தமது 96ஆம் வயதில் காலமாகி, கணவரின் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். கொரிய மக்கள் அவரை "ஹால்மொனி", அதாவது பாட்டி, என்று அழைத்தார்கள். அவர்களுடைய மகள் மோலி, தாதியாகக் கொரியாவுக்குச் சென்று, 2019ஆம் ஆண்டில் இறக்கும்வரை ஊனமுற்ற பிள்ளைகளின் பணியிலேயே வாழ்ந்தார்.

மறைக்கலாகாத மறுபக்கம்

இத்துடன் முடித்துக்கொண்டால் இது இனிமையான கதையாக இருக்கும். முழு வரலாறாக இராது. நல்ல மனத்தோடு தொடங்கியதிலும் தவறு நுழையும் என்பதை நாம் மறைக்கலாகாது.

பிள்ளைகளை விரைவில் அனுப்ப வேண்டும் என்ற அவசரத்தில், பெற்றோர் நேரில் வராமலே, அவர்களுக்காக வேறொருவர் கையொப்பமிட்டுத் தத்தெடுக்கும் முறை கையாளப்பட்டது. பிள்ளையைக் காணாமல் பெற்றோரும், பெற்றோரைக் காணாமல் பிள்ளையும் இணைக்கப்பட்டார்கள். இது தகாது என்று குழந்தைநலப் பணியாளர்கள் அன்றே கண்டித்தார்கள். போர்க்கால அவசரம் தீர்ந்த பிறகும் கொரியாவிலிருந்து பிள்ளைகள் வெளிநாடு செல்வது நிற்கவில்லை, பெருகியது. 1985ஆம் ஆண்டில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அனுப்பப்பட்டார்கள். போருக்குப் பின் அனுப்பப்பட்டவர்களின் மொத்தத் தொகை ஏறத்தாழ இரண்டு லட்சம் என்று மதிப்பிடப்படுகிறது. அவர்களுள் பலருக்குத் தாய் உயிரோடு இருந்தாள். ஆனாலும் யாருமற்ற அநாதை என்று தனிப் பதிவு எழுதி அனுப்பினார்கள்.

அப்பிள்ளைகள் வளர்ந்து, தாயைத் தேடிக் கொரியாவுக்குத் திரும்பி வந்தார்கள். கையிலிருந்த தாள்களில் உண்மை இல்லை என்று பலர் கண்டார்கள். 2025ஆம் ஆண்டு மார்ச்சில், அந்நாட்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பிறப்பு விவரங்கள் பொய்யாக எழுதப்பட்டதையும், அரசு மேற்பார்வையில் தவறியதையும் எடுத்துரைத்து, விண்ணப்பித்தவர்களுள் 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று ஏற்றது.

ஆகவே கிரெஸ்வெல் வீட்டின் அன்பு பொய்யா? இல்லை. அன்பு மெய்யே. ஆனால் அன்பு மட்டும் போதாது, உண்மையும் வேண்டும். பிள்ளைக்கு ஒரு வீடு கொடுப்பவர்கள், அப்பிள்ளை வந்த வழியை அழிக்கக் கூடாது.

சூசையப்பர் காட்டிய வழி

இதை நமக்குக் கற்பிக்க வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. நம் ஆலயப் பீடத்தருகே கையில் லீலி மலரோடு நிற்கும் சூசையப்பரே போதும். அவர் இயேசு பாலனுக்குப் பெயரிட்டார், உணவளித்தார், தொழில் கற்பித்தார், எகிப்துக்குச் சுமந்து சென்று காப்பாற்றினார். ஆயினும் பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் கண்டெடுக்கப்பட்ட இயேசு, தம் தந்தையின் இல்லத்தைப் பற்றிப் பேசியபோது, சூசையப்பர் மனங்கசந்ததாக நற்செய்தியில் ஒரு வார்த்தையும் இல்லை. பிள்ளைக்கு இன்னொரு மூலம் உண்டு என்பதை அறிந்தும், அதை மறைக்காமலும் நேசித்தார். வளர்ப்புத் தந்தையின் மாண்பு இதுவே.

நம் திருச்சபையும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பொதுநிலையினரின் பணியைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வெளியிட்ட ஏடு, குடும்பங்கள் செய்யத்தக்க அப்போஸ்தலப் பணிகளை வரிசையாக எண்ணுகிறது. அவ்வரிசையில் முதலாவது, கைவிடப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுப்பது. 1981ஆம் ஆண்டு பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் குடும்பத்தைப் பற்றி எழுதிய மடலிலும், பெற்றோரற்ற பிள்ளைகளை ஏற்கக் கிறிஸ்தவக் குடும்பங்கள் இன்னும் ஆர்வத்தோடு முன்வர வேண்டும் என்று வலியுறுத்தினார்.

நம் நாட்டில்

நம்மவருக்கும் சட்டம் நெடுங்காலம் குறுக்கே நின்றது. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்கு உரியதன்று. கிறிஸ்தவத் தம்பதியர் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்கீழ் காப்பாளர்களாகவே இருக்க முடிந்தது. சட்டப்படி தாய் தந்தையர் ஆக முடியவில்லை. அயல்நாடுகளுக்குக் குழந்தைகள் அனுப்பப்படுவதில் நடந்த முறைகேடுகளைக் குறித்து ஒரு வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, உச்ச நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. முதலில் பெற்றோரிடம், இயலாவிடில் இந்நாட்டுக் குடும்பத்தில், அதற்கும் வழியில்லையேல் அயல்நாட்டில் என்பதே அது காட்டிய நெறி. பின்னர் 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் அதன் 2006ஆம் ஆண்டுத் திருத்தமும் மதபேதமின்றி எல்லோருக்கும் வழி திறந்தன. 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

இன்று தத்தெடுக்க விரும்புவோர் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தில் முறைப்படி பதிவு செய்ய வேண்டும். தெரிந்தவர் மூலமாகவோ மருத்துவமனையிலிருந்தோ ரகசியமாகக் குழந்தையை வாங்குவது குற்றம். பெற்றவள் குழந்தைகள் நலக் குழுவினர் முன் பிள்ளையை ஒப்படைத்தாலும், மறுபடி யோசிக்க அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. கொரியத் தாய்மாருக்குக் கிடைக்காத அந்த அறுபது நாட்களின் அருமையை நாம் உணர வேண்டும்.

நம் கடமை

சட்டம் வழி திறக்கும். அன்பாய் வரவேற்க சட்டத்தால் இயலாது. அது நம் வேலை. பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியர் ஒரு குழந்தையை ஏற்று ஞானஸ்நானத் தொட்டியருகே கொண்டு வரும்போது, "யார் பெற்ற பிள்ளையோ" என்று காதோடு காதாகப் பேசுகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். சொத்துக்கு வாரிசு கேட்கும் உறவினர் முகம் சுளிப்பதையும் கண்டிருக்கிறோம். ஞானஸ்நானத்தால் நாம் எல்லோருமே இறைவனின் சுவீகாரப் பிள்ளைகள் என்பதை அந்நேரத்தில் மறந்துவிடுகிறோம்.

அவ்விதக் குடும்பத்துக்கு நாம் செய்யக்கூடியவை பெரியவை அல்ல. பதிவுக்கும் விசாரணைக்கும் காத்திருக்கும் நெடிய காலத்தில் அவர்களுக்காக ஜெபிப்பது, குழந்தை வந்த அன்று அடுத்த வீட்டார் போலச் சென்று பார்ப்பது, மறைக்கல்வி வகுப்பிலும் பள்ளியிலும் அப்பிள்ளையை வேறாக நடத்தாதிருப்பது. அத்துடன், கணவனற்ற நிலையில் கருவுற்று நிற்கும் பெண்ணைத் துரத்தாமல் தாங்குவது. அவளை ஊர் தாங்கினால், பல பிள்ளைகளுக்கு வேறு வீடு தேட வேண்டிய அவசியமே வராது. தத்தெடுப்புக்குத் துணை நிற்பது அங்கேயே தொடங்குகிறது.

ஜூபிலி என்ற சொல்லின் பொருளை லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். விற்கப்பட்டவனும் சிதறியவனும் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். வீடு திரும்புதலே ஜூபிலி. வீடற்ற பிள்ளைக்கு வீடும், தாயைத் தேடும் பிள்ளைக்கு உண்மையும் கிடைக்குமானால், நாம் கொண்டாடும் விழா மெய்யான ஜூபிலி ஆகும். திருக்குடும்பத்தின் பாதுகாவலராகிய சூசையப்பர் நம் பங்கின் வாசலை எப்போதும் திறந்து வைக்க நமக்காக மன்றாடுவாராக.