சல்லிவனின் கிரயம்

ஊட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஜான் சல்லிவனைக் 'கண்டுபிடித்தவர்' என்கிறார்கள். தோதவரும் படகரும் கோத்தரும் குறும்பரும் தலைமுறை தலைமுறையாக இருந்த மலையை 1819ல் ஒருவர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்பது பலரும் கேட்டுவிட்ட கேள்வி. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அவர் அந்த மலையில் நிலம் வாங்கினார் என்பது.

1788ல் பிறந்தவர். 1804ல், மீசை அரும்பாத வயதில், கம்பெனி உத்தியோகத்தில் சேர்ந்தவர். 1815லிருந்து 1830 வரை கோவை ஜில்லா கலெக்டர் (திருப்பூரும் 2009 வரை அந்த ஜில்லாதான்). திப்பு வீழ்ந்த 1799ல் கம்பெனி வசமான பூமி. கலெக்டர் என்றால் வரி, போலீஸ், பாதை, நீதி எல்லாம் ஒரே ஆள். மலையேறிய வருஷமே கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களா. 1822ல் ஊட்டியில் கல் வீடு தொடங்கியாயிற்று. பிறகு ஏரி, சீமைக் காய்கறிகள். 1826ல் கவர்னர் மன்றோவே வந்து தங்கிப் போனார். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது, அல்லது தெரிந்தும் யாரும் நின்று பார்க்காதது, கிரயம். தோதவர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்ற கணக்கில் நிலம் பெற்றார் சல்லிவன். அதிகாரம் கையில் இருந்தது, சும்மாவே வளைத்துக்கொண்டிருக்கலாம். கொடுத்தார். இந்நிலத்துக்குத் தோதவரே சொந்தக்காரர் என்று கடைசிவரை வாதாடவும் செய்தார். இதை அவருடைய நியாய உணர்ச்சி என்று பாராட்டுகிறார்கள். பத்திரம் பார்த்துக் கடன் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது: விற்றவனுக்குப் பாத்தியதை இல்லையென்றால் வாங்கியவனின் பத்திரம் வெறும் காகிதம். தோதவரின் உரிமை நிலைத்தால்தான் சல்லிவனின் உரிமையும் நிலைக்கும். எருமை மேய்ச்சலும் மந்தும் கோயிலாகிய பால்மனையுமாக நிலத்தை அறிந்திருந்த ஒரு ஜனத்தை, 'சொந்தக்காரர்' என்று அழைத்தவுடன் விற்கக்கூடியவராகவும் ஆக்கியாயிற்று.

அமெரிக்காவில் இதே வேலை பெரிய அளவில் நடந்தது. இண்டியானா எல்லைப் பிரதேசத்தின் கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் 1809ல் ஃபோர்ட் வேன் உடன்படிக்கை மூலம் சுமார் முப்பது லட்சம் ஏக்கரைப் பூர்வகுடிகளிடம் 'வாங்கினார்'. டெகும்ஸே அதை ஒப்பவில்லை. நிலம் எல்லோருக்கும் பொது, சிலர் விற்க முடியாது என்றான். ஹாரிஸன் பின்னால் ஜனாதிபதியே ஆனார். நீலகிரியில் ஒரு டெகும்ஸே இல்லை. தோதவரின் உரிமையை எதிர்த்துப் பேசியவர் கவர்னர் லஷிங்டன். தோதவரின் நன்மைக்காக அல்ல, சர்க்காரின் நன்மைக்காக: நிலம் சர்க்காருடையது, தோதவருக்கு மேய்ச்சல் மட்டுமே என்பது அவர் கட்சி. 1830ல் ஊட்டி உள்ளிட்ட மேற்குப் பகுதியைக் கோவையிலிருந்து பிரித்து மலபாரோடு சேர்த்தார். 1843ல்தான் அது திரும்பிற்று. இரண்டு வெள்ளைக்காரர்களின் வழக்கில் தோதவர் ஒரு வாதமாக மட்டும் இருந்தார்கள்.

இதனாலேயே சல்லிவனை மோசக்காரர் என்று முடித்துவிடவும் முடிவதில்லை. பார்லிமெண்ட் கமிட்டிமுன், நம் ஆட்சி கங்கைக் கரையின் செல்வத்தை உறிஞ்சித் தேம்ஸ் கரையில் பிழியும் பஞ்சு என்ற அர்த்தத்தில் சாட்சி சொன்னவர் அவர்தான். நம் தேசியவாதிகள் பிற்பாடு மேற்கோள் காட்டிக்கொண்டே இருந்த வாக்கியம் அது. 1853ல், ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு வருஷம் கழித்து, சுதேச சமஸ்தானங்களைக் கம்பெனி விழுங்குவதை எதிர்த்துப் பிரசுரம் எழுதினார். பெரிய உறிஞ்சலைக் கண்ட கண்ணுக்கு, ஏக்கர் ஒரு ரூபாய் உறுத்தவில்லை. அல்லது ரூபாய் கொடுத்துவிட்டதாலேயே உறுத்தாமல் போயிற்றோ என்னவோ.

1838ல் மனைவி ஹென்றியட்டாவையும் மகளையும் பறிகொடுத்தார். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் கோயில் தோட்டத்தில் புதைத்தார்கள். அந்தக் கோயிலின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து வந்தவை. மூன்று வருஷத்தில் அவர் இங்கிலாந்து போய்விட்டார், 1855ல் அங்கேயே இறந்தார். கல் வீடு இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது.